அலமாரிக்கு ஒரு துண்டு டேப்

அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் சின்னதாக ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, இன்றைய தேதியை எழுதிவிடுங்கள். பொருளை எடுத்துப் பயன்படுத்தும் அன்று டேப்பைக் கிழித்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்தும் டேப்போடு நிற்பதைத் தாராளமாக யாருக்காவது கொடுத்துவிடலாம். துணிகளுக்கு டேப் வேண்டாம், ஹேங்கர் கொக்கியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டி, உடுத்திய துணியை மட்டும் மறுபடி நேராக மாட்டினாலே போதும்.

"என்றைக்காவது உதவும்" என்று மனசு எல்லாப் பொருளுக்கும் வக்காலத்து வாங்கும். ஓரம் சுருண்டு தூசி படிந்த டேப்பிடம் அந்த வாதம் எடுபடாது. என்னைக் கேட்டால், பொருள் குறைவதைவிடப் பெரிய லாபம் வேறு: புதிதாக ஒன்று வாங்கக் கை பரபரக்கும்போது, அதே வகையில் டேப்போடு எத்தனை நிற்கின்றன என்று போய் எண்ணிப் பாருங்கள். மூன்று தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகு நான்காவதை வாங்க மனசு வராது.

முதலுதவிப் பெட்டி, டார்ச், சான்றிதழ்கள் போன்றவற்றுக்கு இது சரிவராது. சும்மா கிடப்பதுதான் அவற்றின் வேலையே. ஸ்வெட்டர், மழைக்கோட்டு மாதிரியானவற்றுக்கு ஒரு முழு வருடம் விடுங்கள். அப்புறம், புத்தக அட்டையில் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது தாளும் கூடவே வந்துவிடும்.