பூண்டை மருந்தா எடுக்குறவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

பூண்டு உடம்புக்கு நல்லதுன்னு யாராவது சொன்னதும் புதுசா ஆரம்பிக்கிறவங்க பண்றதைப் பாத்தா, நான் ஆரம்பத்துல பண்ணதெல்லாம் அப்படியே திரும்ப நடக்குது. வாய் நாத்தம், வயித்தெரிச்சல் எல்லாம் நீங்களே தெரிஞ்சுக்குவீங்க, அதை விடுங்க.

முழுப் பல்லா முழுங்குறது

தண்ணி ஊத்தி முழுங்கிட்டு "ஒண்ணுமே கேக்கலையே"ங்கறாங்க. எப்படிக் கேக்கும்? பூண்டுல மருந்தா வேலை செய்யுற அல்லிசின்ங்கற பொருள் பல்லுக்குள்ள ரெடியா உக்காந்திருக்காது, நசுக்கும்போது உள்ள இருக்குற அல்லீன்ங்கற பொருளும் அல்லினேஸ்ங்கற என்சைமும் சேர்ந்தாத்தான் உண்டாகும். நசுக்கின கையோட சூடான சட்டில போட்டாலும் என்சைம் போச்சு. நசுக்கி ஒரு பத்து நிமிஷம் விட்டு அப்புறம் அடுப்புல ஏத்துங்க.

எண்ணெய்ல ஊறப்போட்டு வெளியவே வைக்கிறது

இதை நினைச்சாத்தான் இன்னும் கடுப்பாகுது. தெரிஞ்சவர் ஒருத்தர் போட்டோ அனுப்பினார், ஜன்னலோரமா கண்ணாடி பாட்டில், உரிச்ச பல்லெல்லாம் எண்ணெய்ல முங்கிக் கிடக்கு, ஓரத்துல பொடிப்பொடியா குமிழ், "வாரக்கணக்கா ஊறுது, சத்தெல்லாம் இறங்கியிருக்கும்"னு பெருமை வேற. பூண்டு மண்ணுக்குள்ள விளையுறது, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியோட ஸ்போர், அதாவது விதை மாதிரி தூங்கிக் கிடக்குற உருவம், அதுல ஒட்டிட்டு வரலாம், சும்மா இருக்குற வரைக்கும் தொந்தரவு இல்ல, ஆனா காத்தும் புளிப்பும் இல்லாத இடம் கிடைச்சா முளைச்சு விஷத்தை உண்டாக்கிரும், எண்ணெய்க்குள்ள முங்கின பூண்டு அதுக்குன்னே கட்டிக் குடுத்த வீடு. 1985ல கனடாவுல வான்கூவர்ல ஒரு ரெஸ்டாரண்ட்ல, ஃப்ரிட்ஜ்ல வைக்காம விட்ட இதே எண்ணெய்ப் பூண்டாலதான் 36 பேர் படுத்தாங்க.

சொன்னா அவர் "மோந்து பாத்தேன், நல்லாத்தானே இருக்கு"ங்கறார். அட, வாசனையும் மாறாது ருசியும் மாறாது, அதனாலதானே கத்துறேன்! கொதிக்க வச்சுட்டேன்னும் சொல்லாதீங்க, கொதிக்கிற தண்ணியோட சூட்டையே அந்த ஸ்போர் தாங்கிரும். வேணும்னா கொஞ்சமா போட்டு உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்க, நாலு நாள்ல தீரலைன்னா கொட்டிருங்க. சாப்பிட்டவங்களுக்குப் பார்வை ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாலோ, கண்ணிமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ நேரா எமர்ஜென்சிக்குப் போயிருங்க.

தோல்ல அரைச்சுக் கட்டுறது

வேணாம். கொப்பளிச்சு வெந்துரும்.

டாக்டர்கிட்ட மறைக்கிறது

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்குறவங்க, ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சவங்க எல்லாம் பூண்டு கேப்ஸ்யூல் சாப்பிடுறதைக் கண்டிப்பா சொல்லிரணும், ரத்தக் கசிவு கூடலாம். பிளட் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும்ங்கறது நிஜம்தான், ஆனா பிரஷர் மாத்திரையை நிறுத்துற அளவுக்கெல்லாம் இறக்காது.