பில்லில் கழித்ததோடு விட்டுவிடாதீர்கள்: சரக்கு வாங்கி விற்கும் இடத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன வருஷம் மூன்று மாதம், நான் அனுப்பிய அப்பளத்துக்குச் சென்னைக் கடைக்காரர் ஒவ்வொரு பில்லிலும் ‘உடைசல்’ என்று எழுதி ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே இருந்தார். நானும் லாரி ஷெட்டில் சண்டை போட்டேன், பெட்டியை மாற்றினேன், உள்ளே பேப்பரைக் கூடுதலாக வைத்தேன், ஒன்றும் குறையவில்லை. கடைசியில் பார்த்தால் காரணம் உளுந்து. மில்லில் பழைய உளுந்தைக் கலந்து அரைத்திருக்கிறார்கள். உளுந்து பழசானால் பசை குறையும், இட்லிக்கு ஆட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த மாவில் தேய்த்த அப்பளம் ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிக்கும், காயவைத்துக் கட்டும்போது கண்ணில் படாது, சென்னை போய்ச் சேர்வதற்குள் இரண்டாகிவிடும்.

எங்களுக்கு அப்பளம் தேய்த்துத் தரும் ஆச்சி இதை முதல் நாளே சொல்லியிருக்கிறார். மாவு உருண்டை வாங்கிப் போக வந்த இடத்தில், “மாவு இழுபடவே மாட்டேங்குய்யா, ஓரமெல்லாம் வெடிக்கி” என்று எங்கள் பையனிடம். அவன் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்க்கச் சொல்லி அனுப்பிவிட்டான். ஆச்சிக்கு மில்காரர் யாரென்றே தெரியாது, மில்காரருக்குச் சென்னையில் உடைவது தெரியாது, நடுவில் இருந்த எனக்குக் கழித்த தொகை மட்டும்தான் தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்கள் மட்டுமில்லை, பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், காருகுறிச்சியில் பானை செய்கிறவர்கள், யாராக இருந்தாலும் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்: புகாரைப் பணமாக்கி முடிப்பது. பணத்தைக் கழித்ததும் கணக்கு நேராகிவிடும், ஆனால் தவறு அப்படியே இருக்கும், அடுத்த லோடிலும் வரும். கழிக்கட்டும், ஆனால் உடைந்ததில் நாலைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தேதி கட்டியது, ஓரத்தில் போனதா நடுவில் போனதா, மேல்கட்டா அடிக்கட்டா என்று கேளுங்கள். அடிக்கட்டு மட்டும் நொறுங்கியிருந்தால் பெட்டியையும் லாரியையும் பார்க்கலாம், எல்லாக் கட்டிலும் ஓரம் போயிருந்தால் மாவைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

அடுத்தது, முதலாளியும் முதலாளியும் மட்டும் பேசிக்கொள்வது. நானும் மில்காரரும் மாதம் ஒருமுறை பேசுவோம், பேச்சு முழுக்க விலையும் பாக்கியும்தான். மாவில் கை வைக்கிறவரும் மெஷினை ஓட்டுகிறவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஜப்பானில் டொயோட்டாவுக்குச் சாமான் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் பட்டறைக்கு இன்னொருவர் போய், நின்று பார்த்து, சரி செய்கிற வழக்கம் 1970களிலிருந்து இருக்கிறது. நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம், ஒரு நாள் ஆச்சியை வேன் வைத்து மில்லுக்குக் கூட்டிப் போனாலே போதும். நாங்கள் போனோம். ஆச்சி தன் கையால் மாவைப் பிசைந்து இழுத்துக் காட்டியதைப் பார்த்த பிறகுதான், மெஷின் ஓட்டுகிற தம்பி பழைய மூட்டையைத் தனியாக அடுக்க ஆரம்பித்தான்.

அப்புறம் இந்த மூடி மறைக்கிற புத்தி. பக்குவத்தைச் சொன்னால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்ற பயத்தில், எனக்கு மாவு எப்படி வேண்டும் என்பதைக்கூட மில்லில் சொல்லாமலே வைத்திருந்தேன். பெருங்காயம் எவ்வளவு, காரம் எவ்வளவு என்பது என்னுடையது, அதைச் சொல்ல வேண்டாம். மாவு எவ்வளவு நைசாக வேண்டும், எவ்வளவு இழுபட வேண்டும் என்பதைச் சொன்னால்தானே அவர் தர முடியும்? 1997 பிப்ரவரி 1ஆம் தேதி, டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு செய்துகொடுத்த ஐசின் கம்பெனியின் காரியா ஆலை எரிந்துபோனது. கார் ஆலைகள் நின்றன. ஐசின் தன் வரைபடங்களை மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது, தையல் மெஷின் செய்கிற பிரதர் கம்பெனிகூட வால்வு செய்து கொடுத்தது, சுமார் ஒரு வாரத்தில் கார் ஆலைகள் மறுபடி ஓடின. வரைபடத்தைப் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆர்டரை மட்டும் சொல்லி, காரணத்தைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான். ஆவணி முகூர்த்தத்துக்குக் கடையில் பத்துப் பெட்டி கூடக் கேட்டால் மொத்த வியாபாரி இருபது கேட்பார், நான் மில்லில் நாற்பதுக்கு மாவு சொல்வேன். முகூர்த்தம் முடிந்ததும் எல்லார் குடோனிலும் சரக்கு தேங்கும், பழைய உளுந்து பிறப்பதே அங்கேதான். “இது கல்யாண ஆர்டர், ஆவணியோடு சரி” என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

கற்றதை ஒரே ஆள் தலையில் விட்டுவைக்காதீர்கள். அந்த மில் தம்பி தையில் வேலையை விட்டுப் போனான், மாசியில் திரும்பவும் ஓரம் வெடித்தது. இப்போது மில்லில் ஒரு நோட்டு, எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. புது லோடு வந்தால் முதல் உருண்டை ஆச்சி வீட்டுக்குப் போகும், அவர் சொல்வதை இரண்டு நோட்டிலும் எழுதிய பிறகே மற்ற மூட்டையைப் பிரிக்கிறோம்.