சிக்னல்ஸ் பாடத்தைத் தேற்றிய விதம்

இன்ஜினியரிங்கில் எங்களுக்கு இருந்த சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாட வகுப்பில் சார் ஸ்லைடை வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வுக்கு எது வரும் என்று கேட்டால், "எல்லாம் முக்கியம்தான்பா" என்பார். அண்ணா பல்கலையின் 2017 ரெகுலேஷன் (அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறை) சிலபஸை அச்செடுத்து, பழைய வினாத்தாள் கேள்விகளை யூனிட் வாரியாக அதிலேயே குறித்தேன். செமஸ்டர் தாளில் 2 மார்க் கேள்வி பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. இந்தக் கணக்கு பிடிபட்டதுமே பாதிப் பயம் போனது.

இரண்டு சிக்னல்களைச் சேர்த்து மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடிக்கும் கன்வல்யூஷன் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு சிக்னலைத் திருப்பிப் போட்டு, நகர்த்தி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தில் பெருக்கிக் கூட்டுவதைத் தாளில் வரைந்ததும் சரியானது. அப்புறம் சாரிடம் "புரியலை" என்று போவதை விட்டு, போட்ட கணக்கைக் காட்டி, "இந்த ஸ்டெப்புக்கு மார்க் உண்டா சார்?" என்று கேட்டேன். அதற்கு மட்டும் அருமையாகப் பதில் சொன்னார், விசித்திரமான மனிதர்! சொன்னதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன்.