செய்திக்குறிப்பைப் படமாக அனுப்பாதீர்கள்: மக்கள் தொடர்பில் புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

புயல் காலம் தொடங்கினால் போதும், மொரிஷியஸில் நிறுவனங்களின் அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் பறக்க ஆரம்பித்துவிடும். எந்த அலுவலகத்தில் புதியவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. எழுத்துப்பிழை, பழைய லோகோ, அமைச்சரின் பெயரைத் தப்பாகப் போடுவது எல்லாவற்றையும் மேலதிகாரியே திட்டித் திருத்திவிடுவார். அவற்றை இங்கே தொடப்போவதில்லை. யாரும் திட்டாததாலேயே வருஷக்கணக்கில் தொடரும் தவறுகள் சில இருக்கின்றன.

அறிக்கையைப் படமாக்கி அனுப்புவது

வேர்டில் அறிக்கை தயாராகிறது. அதை லெட்டர்ஹெட்டில் அச்சடித்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, கைப்பேசியில் படம் பிடித்து முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போடுகிறார்கள். முத்திரை இருந்தால் மக்கள் நம்புவார்கள் என்ற நினைப்பு. அந்த முத்திரையை வெட்டி வேறொரு தாளில் ஒட்ட, ஓரளவு விவரம் தெரிந்த பள்ளிக்கூடப் பையனே போதும்.

ஏ4 பக்கம் கைப்பேசித் திரைக்குள் சுருங்கும்போது எழுத்து எறும்பளவு ஆகிறது. வாட்ஸ்அப் படத்தை மேலும் அமுக்குகிறது. அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொருவர் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து அனுப்பினால் தொலைபேசி எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியாது. மாலை பக்கத்தை முடிக்க ஓடிக்கொண்டிருக்கும் நிருபர் அதைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். பெயரும் தொகையும் பிழையாவது அங்கேதான். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) பல நேரம் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கூகுளிலோ சாட்ஜிபிடியிலோ உங்கள் நிறுவனத்தைப் பற்றிக் கேட்பவருக்கு, நீங்கள் வெளியிட்ட மறுப்புக்குப் பதிலாக, உங்களைக் குற்றம்சாட்டி எவரோ எழுத்தாக எழுதியதே கிடைக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எரிச்சலூட்டுவது, படத்துக்குக் காலாவதி கிடையாது என்பது. "புயல் எச்சரிக்கை காரணமாக எங்கள் கிளைகள் நாளை மூடப்படும்" என்று ஒரு நிறுவனம் படம் போடுகிறது. எந்த மாதம், எந்த ஆண்டு என்று படத்துக்குள் இல்லை. படத்தின் கீழே டைப் செய்த வரியில்தான் தேதி இருந்தது. ஃபார்வர்டு ஆகும்போது அந்த வரி கழன்றுபோகலாம். அடுத்த ஆண்டு வேறொரு புயலுக்கு முதலாம் எண் எச்சரிக்கை, அதாவது ஆகக் கீழ்ப்படி எச்சரிக்கை, வந்த உடனேயே அதே படம் குடும்பக் குழுக்களில் மறுபடி சுற்றுகிறது. பாதி ஊழியர்கள் வேலைக்கு வருவதில்லை, வாடிக்கையாளர்கள் திரும்பிப் போகிறார்கள், தொலைபேசி ஓய்வதில்லை. மறுப்பு வெளியிட வேண்டுமே! அதையும் இன்னொரு படமாகவே போடுகிறார்கள். இப்போது ஊரில் இரண்டு படங்கள், இரண்டிலும் ஒரே முத்திரை.

தமிழில் அறிவிப்பு தரும் கோயில்களிடமும் சங்கங்களிடமும் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக ஊறியிருப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பழைய கணினியில், ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். அதை முகநூலில் ஒட்டினால் "தமிழ்" என்பது நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதறும். சரி, படமாகவே போட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். பாமினியை, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பும் ஒற்றும் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசித்தால் வேலை முடிந்தது. தைப்பூசக் காவடிக்கு எந்தத் தெரு எத்தனை மணிக்கு மூடப்படும் என்பதை ரோஸ் ஹில்லிலிருந்து வரும் பக்தர் தேடிப் பிடிக்க வேண்டுமானால் அது எழுத்தாக இருந்தாக வேண்டும்.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் உங்கள் சொந்த இணையதளத்தில் ஒரு பக்கம், எழுத்தாக. மேலே தேதி, ஆண்டு, மணி. முதல் இரண்டு வரிக்குள் என்ன, எங்கே, எப்போதுவரை. "நாளை", "இன்று மாலை" வேண்டாம். கிழமையும் தேதியும் எழுதுங்கள். நிலைமை மாறினால் புதுப் பக்கம் திறக்காமல் அதே முகவரியில் மேலே "மணி 16.30 நிலவரம்" என்று சேருங்கள், பழையதை அழிக்காதீர்கள். பிறகு அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், ஆனால் உங்கள் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். படம் இல்லாமல் முடியாது என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தால் 1080க்கு 1350 பிக்சல் அளவில் ஒன்று செய்து, தலைப்பு, ஆண்டோடு தேதி, "இந்தத் தேதிவரை மட்டும் செல்லும்" என்ற வரி, பக்கத்தின் சிறிய முகவரி, இவ்வளவை மட்டும் படத்துக்குள் வையுங்கள்.

முகநூல் பக்கம் இருக்கிறதே என்பது

2024 நவம்பர் 1ஆம் தேதி, பொதுத்தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள் கசிந்த விவகாரத்தில் சமூக ஊடகங்களை 11ஆம் தேதி வரை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாளே விலக்கிக்கொண்டார்கள். அந்த ஒரு நாளில் முகநூலை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வாடிக்கையாளரிடம் பேச வழியில்லை. மின்னஞ்சல் பட்டியல், குறுஞ்செய்திச் சேவை, வானொலிச் செய்தியறையின் நேரடி எண் மூன்றும் உங்கள் கைவசம் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள்; செத்த எண்கள் எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

ஏஐ எழுதிய மேற்கோள்

"மிகுந்த மகிழ்ச்சி அடைகிறோம்" என்று தலைவர் சொன்னதாக ஏஐ எழுதித் தரும். அவரோ அதைப் படித்திருக்கவே மாட்டார். வானொலியில் அந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்டால் திணறுவார். மேற்கோளை மட்டும் தனியாக மின்னஞ்சலில் அனுப்பி, அவர் "சரி" என்று எழுதியதைக் கோப்போடு வையுங்கள். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமானால், வெளியிடாத லாபக் கணக்கை இலவசக் கருவிக்குள் ஒட்டுவது வேலைக்கே உலை வைக்கும். மொரிஷியஸ் கிரியோலில் எழுதச் சொன்னால் ஹைட்டி கிரியோல் கலந்து வருவதுண்டு; வீட்டில் கிரியோல் பேசும் ஒருவர் உரக்க வாசித்துப் பார்க்காமல் வெளியே விடாதீர்கள்.

கிடைத்த எண்களையெல்லாம் குழுவில் சேர்ப்பது

காவடி நன்கொடைப் பட்டியலில் இருக்கும் எண்களுக்குத் தீபாவளித் தள்ளுபடி அனுப்பக் கூடாது. மொரிஷியஸின் 2017ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்கினீர்களோ அதற்கு மட்டும்தான். பட்டியல் கசிந்தால் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண்ணை எல்லோரும் பார்க்கலாம். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை; ஆனால் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும்.

வெளியான செய்தியை விளம்பரக் கட்டணத்தில் கணக்கிடுவது

செய்தி பிடித்த இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று பார்த்து, அதையே மக்கள் தொடர்பு வேலையின் மதிப்பாகக் காட்டுவது. 2010இல் இந்தத் துறையினரே பார்சிலோனாவில் கூடி வேண்டாம் என்று தீர்மானித்த கணக்கு. இன்னுமா?

மொழி வரிசை

1998இல் வந்த புது மொரிஷியஸ் ரூபாய்த் தாள்களில் தமிழ், வழக்கமான இடத்திலிருந்து இந்திக்குக் கீழே இறங்கியிருந்தது. தமிழர்கள் கொதித்தார்கள், தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சாயின. பேனர், காணொளி வசனம், இணையதளத்தின் மொழிப் பொத்தான் எதுவானாலும், வரிசையை வடிவமைப்பாளரின் விருப்பத்துக்கு விடாமல் எழுத்தில் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு மொழியையும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கடைசி நகலில் கையெழுத்து வாங்குங்கள்.