ஹீட்டர் பிளக் போய்விட்டதா, கரண்டே வரவில்லையா? டீசல் கார் முன்சூடு பழுதைப் பிரித்துப் பார்க்கும் முறை

காலையில் செல்ஃப் அடித்து அடித்து ஒருவழியாக எஞ்சின் பிடிக்கிறது. டீசல் நெடியோடு வெள்ளைப் புகை, ஒரு நிமிஷம் உதறல், பிறகு ஒன்றுமே நடக்காதது போல் சீரான ஓட்டம். அதே வண்டி சூடாக இருக்கும்போது தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டும், ஆறிய எஞ்சினின் சிலிண்டரை ஸ்டார்ட்டுக்கு முன் சூடாக்கும் க்ளோ பிளக் பக்கம், மெக்கானிக் பேச்சில் ஹீட்டர் பிளக் பக்கம், கை வையுங்கள். சூடான எஞ்சினும் திணறினால் டீசல் லைனில் காற்று, அடைத்த ஃபில்டர், குறைந்த கம்ப்ரஷன் என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பல பழைய கார்களில் அது குறித்த நேரம் எரிந்து அணையும் வெறும் டைமர். நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் ஒழுங்காக எரிந்து அணையும். விளக்கு அணைந்த பிறகும் பிளக்குகள் சூடாகிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் ஆனபின் புகையையும் உதறலையும் குறைக்கச் சில நிமிஷம்வரைகூட இது நீளும். ஓடும்போது அந்த விளக்கு மினுக்கினால் சில கார்களில் அதன் பொருளே வேறு, எஞ்சின் கன்ட்ரோலில் ஏதோ கோளாறு. ஸ்கேனரை மாட்டிப் பழுதுக் குறியீட்டைப் படிப்பதே வழி. பி0671 முதல் பி0674 வரை என்றால் 1 முதல் 4 வரையிலான சிலிண்டர்களின் பிளக் சர்க்யூட். பி0380, பி0670 என்றால் பொதுவான சர்க்யூட் அல்லது கன்ட்ரோல் மாட்யூல்.

காமன் ரெயில் எஞ்சின்கள் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) வெயில் காலத்தில் இரண்டு பிளக் போயிருந்தாலும் முணுமுணுக்காமல் ஸ்டார்ட் ஆகிவிடும். முதல் குளிர்காலையில் எல்லாம் ஒரே நாளில் போனதாகத் தோன்றுவது இதனால்தான்.

முதலில் பேட்டரி

நின்ற நிலையில் 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும் அதன் கேபிள்களையும் சரிசெய்த பிறகே மேலே போங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் நல்ல பிளக்கும் உதவாது.

பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா?

இதைப் பார்க்காமல் பிளக் வாங்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு. எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில், பிளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் முன்சூட்டையே தராது, நீங்கள் பிளக்குகளுக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்து, சிவப்பு முனையைப் பிளக்குகளை இணைக்கும் பட்டையில் தொட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சாதாரண 11–12 வோல்ட் பிளக் என்றால் 11-க்கு மேல் காட்ட வேண்டும்.

ஒன்றுமே வரவில்லையா? தடிமனான ஃபியூஸைப் பாருங்கள்; பல கார்களில் 50 முதல் 80 ஆம்பியர் வரையிலான பட்டை ஃபியூஸ், திருகோடு பொருத்தியிருக்கும். அது நன்றாக இருந்தால் ரிலேயின் தடித்த முனையில் எப்போதும் பேட்டரி வோல்ட் இருக்கிறதா, சாவி போட்டதும் கன்ட்ரோல் ஒயரில் சிக்னல் வருகிறதா, எர்த் சரியா என்று வரிசையாகப் பாருங்கள். உள்ளே கரண்ட் வந்து, சிக்னலும் வந்து, வெளியே வரவில்லை என்றால் ரிலே போய்விட்டது.

சிக்னலே வரவில்லை என்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரைச் சந்தேகப்படுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 70 டிகிரி என்று காட்டினால் கன்ட்ரோலர் எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பிப் பேசாமல் இருக்கிறது.

வோல்ட் வருகிறது, ஆனால் 9 அல்லது 10 மட்டும்தானா? பிளக் சூடாகும் நேரத்தில் பேட்டரி பாசிட்டிவுக்கும் பட்டைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு என்றால் ரிலே கான்டாக்ட் கருகியிருக்கிறது, அல்லது பச்சை பூத்த முனை ஒன்று இருக்கிறது.

ஒவ்வொரு பிளக்காக

கரண்ட் சரியாக வந்தால் சாவியை அணைத்து, இணைப்புப் பட்டையைக் கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் நான்கும் இணையாக இருப்பதால் செத்த பிளக்கின் முனையிலும் நல்ல அளவே வரும். மெட்டல் பிளக் ஆறிய நிலையில் பொதுவாக ஒரு ஓமுக்கும் குறைவு; எல்லையற்ற தடை என்றால் செத்தது. மீட்டரின் ஒயரே 0.2, 0.3 ஓம் சேர்க்கும், இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றால் டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, ஊசியைப் பிளக் முனையில் தொடலாம். எரியாத இடத்தில் பிளக் போயிருக்கிறது.

இரண்டு சோதனையும் இழை அறுந்ததை மட்டும் காட்டும். இழை பாதி செத்த பிளக் தப்பித்துவிடும். டிசி கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. பட்டைக்குப் போகும் ஒயரைச் சுற்றிப் பிடித்தால், சாதாரண மெட்டல் பிளக் ஒன்றுக்குத் தொடக்கத்தில் 15–25 ஆம்பியர் இழுத்து, சூடேற ஏற 8–12-க்கு இறங்கும். நான்கு பிளக் வண்டி மூன்று பிளக்குக்கான அளவே இழுத்தால் ஒன்று போய்விட்டது.

எச்சரிக்கை: புதிய கார்களில் 4.4, 5, 7 வோல்ட் பிளக்குகள் வருகின்றன, செராமிக் வகையும் உண்டு. கன்ட்ரோலர் துடிப்பு துடிப்பாகக் கரண்ட் தருவதால் மீட்டர் குறைவாகக் காட்டும், அது பழுது அல்ல. இவற்றுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் சில நொடிகளில் எரிந்துபோகும். பிளக் உடம்பில் பொறித்திருக்கும் வோல்ட்டைப் படித்த பிறகே எதையும் இணையுங்கள். செராமிக் பிளக் கீழே விழுந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் போடாதீர்கள். உடைந்த துண்டு சிலிண்டருக்குள் விழும்.

கழற்றும்போது

பிளக் சிலிண்டர் ஹெட்டோடு இறுகி உடைவதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு, எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிய பிறகு திருப்புங்கள். திருகும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் எம்8 (8 மி.மீ. மரை) பிளக்குக்கு 20, எம்10-க்கு 35 நியூட்டன் மீட்டர்தான் எல்லை. அதற்குள் அசையாவிட்டால் நிறுத்தி, மறுபடி எண்ணெய், மறுபடி சூடு, முன்னும் பின்னுமாகச் சிறு அசைவு. வேலை செய்கிற பிளக் இப்படி இறுகியிருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. சுலபமாக வந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

புதியதைப் போடும் முன் ஓட்டைக்குள் இருக்கும் கார்பனை அதற்கான ரீமர் என்ற சுரண்டும் கருவியில் கிரீஸ் தடவிச் சுரண்டுங்கள். கையால் முழுவதும் திருகி, பிறகு அந்த எஞ்சினுக்குச் சொன்ன டார்க் மட்டும். எம்8-க்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே வரும்.

கழற்றிய பிளக்கின் முனையைக் கூர்ந்து பாருங்கள். உருகியோ தின்றுபோயோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறது அல்லது தெளிப்பு கெட்டிருக்கிறது. அதை விட்டுப் பிளக்கை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதியடையும். நான்கும் ஊதிப்போயிருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டு ஓயாமல் கரண்ட் கொடுத்திருக்கிறது, அல்லது ஆல்டர்னேட்டர் சார்ஜ் அதிகம். எஞ்சின் சூடாகி ஐந்து நிமிஷம் ஓடிய பிறகும் பட்டையில் வோல்ட் இருந்தால் முதல் காரணம் உறுதி; ஓடும்போது பேட்டரி முனையில் 14.8-ஐத் தாண்டினால் இரண்டாவது.