பழைய வீட்டில் குழாய் உடைந்தால், சாக்கடை அடைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது, நாற்பது வருடமான வீட்டில் குடியிருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது, அது உண்மையிலேயே மூடுகிறதா என்று போய்ப் பாருங்கள். குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சும்போதுதான் பலரும் முதல்முறையாக அதைத் தேடுகிறார்கள்.

பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பித்தளை கேட் வால்வு. பல சுற்று சுற்றினால்தான் மூடும். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் இருந்தால் உள்ளே உப்பும் துருவும் படிந்து இறுகிப்போகும். பதற்றத்தில் அதன்மேல் ரெஞ்சைப் போட்டு முறுக்குவதுதான் முதல் பெரிய தவறு. உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும். கைப்பிடி சும்மா சுற்றும், தண்ணீர் நிற்காது. இறுகிய வால்வைக் கொஞ்சம் மூடும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று மாற்றி மாற்றி ஆட்டித்தான் இளக்க வேண்டும். அப்படி இளக்கும்போது தண்டைச் சுற்றித் துளித்துளியாகக் கசிந்தால் பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் உள்ள சிறிய நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். வருடத்துக்கு இரண்டு முறை மூடித் திறந்து வைத்தால் வால்வு இறுகாது. மாற்றும் வாய்ப்பு வந்தால் பால் (பந்து) வால்வு போடுங்கள். கால் வட்டம் திருப்பினால் மூடிவிடும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மேலே தொட்டி உள்ள வீடாக இருந்தால், வெளியிலிருந்து வரும் குழாயை மட்டும் மூடிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தொட்டியில் உள்ள அத்தனை தண்ணீரும் உடைந்த இடம் வழியாகத்தான் இறங்கும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்குத் தனி வால்வு இருக்கும், அதையும் மூடுங்கள். தண்ணீரை நிறுத்தியதும் வாட்டர் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் குறைந்து ஹீட்டர் வெறுமனே எரிந்தால் அதுவும் கெட்டுப்போகும். தரையில் தேங்கிய தண்ணீர் பிளக் பாயிண்ட் வரை வந்துவிட்டதென்றால் அதற்குள் கால் வைத்து சுவிட்ச் போர்டுக்குப் போகவே கூடாது.

ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு இடத்தில் கசிந்தால் அந்த இடத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும் குழாய். வெளியே ஒரு ஓட்டை தெரியும்போது, அதே வயதுள்ள மற்ற நீளமும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருக்கும். பழைய இணைப்பைக் கழற்றும்போது ஒரே ரெஞ்சைப் போட்டு முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் மறுமுனை முறியும். ஒரு ரெஞ்சால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்ப வேண்டும். துண்டு மாற்றும்போது செம்புக் குழாயை நேரடியாக ஜி.ஐ. குழாயில் பூட்டுவதும் வேண்டாம். இரண்டு உலோகமும் தண்ணீரில் ஒட்டி நின்றால் ஜி.ஐ. பக்கம் வேகமாக அரிக்கும். நடுவில் உலோகங்களைப் பிரிக்கும் இணைப்பு போடச் சொல்லுங்கள்.

இனி சாக்கடைப் பக்கம். அதிகத் தவறுகள் நடப்பது இங்கேதான்.

அடைப்பு என்றதும் எல்லோரும் தண்ணீர் நிற்கும் ஓட்டையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மொத்த லைனையும். வாஷ்பேசின் மட்டும் மெதுவாக இறங்குகிறது, மற்றதெல்லாம் சரியாகப் போகிறது என்றால் அடைப்பு அந்த வாஷ்பேசினுக்குக் கீழேயே இருக்கிறது. ஆனால் வாஷிங் மெஷின் தண்ணீரை விடும்போது குளியலறைத் தரையில் தண்ணீர் எழும்புகிறது, கம்மோடை ஃப்ளஷ் செய்தால் பக்கத்து டிராப்பில் (தரை ஓட்டைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில்) களக் களக் என்று சத்தம் வருகிறது என்றால் மெயின் லைனே அடைத்திருக்கிறது. வீட்டில் எது மிகத் தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் கழிவுநீர் முதலில் மேலே வரும். அந்த நேரத்தில் மறுபடி ஃப்ளஷ் செய்து பார்ப்பது, மாடியில் யாரோ குளித்துக்கொண்டிருப்பது, இரண்டுமே நேராக உங்கள் தரைக்குத்தான் வரும். வீட்டில் எல்லோரையும் தண்ணீர் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் வெளியே சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டி) மூடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். சேம்பர் நிறைந்து நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், வெளியே போகும் பக்கம். காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். இந்த ஒரு தகவலைச் சொன்னாலே வருகிற பிளம்பருக்குப் பாதி வேலை மிச்சம்.

மருந்து ஊற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா, இல்லையென்றால் கந்தக அமிலம். வாஷ்பேசினுக்குக் கீழே தலைமுடியும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்த சின்ன அடைப்பில் காஸ்டிக் ஏதாவது பலன் தரலாம். மெயின் லைன் அடைப்பில் அது போய்ச் சேரவே சேராது, நின்றிருக்கும் தண்ணீரோடு கலந்து அங்கேயே கிடக்கும். அமிலமோ பழைய வார்ப்பிரும்புக் குழாயை இன்னும் அரிக்கும். ஒன்று பலிக்கவில்லை என்று மற்றொன்றை ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. காஸ்டிக்கும் அமிலமும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். ஏற்கெனவே ஏதாவது ஊற்றியிருந்தால் பிளம்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்பிரிங் கம்பி விட்டு இழுக்கும்போது அந்தத் திரவம் அவர் கையிலும் கண்ணிலும்தான் தெறிக்கும். மருந்து ஊற்றிய இடத்தில் பிளஞ்சர் (அடைப்பை அழுத்தித் தள்ளும் ரப்பர் கிண்ணம்) போடுவதும் அதே காரணத்தால் கூடாது.

கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதும் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். பி.வி.சி. குழாய் சுமார் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். பீங்கான் கம்மோடில் ஊற்றினால் விரிசல் விடலாம். கை பொறுக்கும் சூடு போதும்.

இத்தனை தவறுகளையும் விட விலை அதிகமான தவறு ஒன்று உண்டு. கம்பி விட்டுக் குத்தி, தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியதும், “போய்டுச்சு, சரி” என்று மூடியைப் போட்டுவிடுவது. பழைய வீட்டில் அடைப்பு தானாக வருவதில்லை. குழாய் கொடுக்கிற அறிகுறி அது.

பழைய வீடுகளின் மண்ணுக்கடியில் பெரும்பாலும் இருப்பது சுட்ட களிமண் குழாய். இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளை வரிசையாக வைத்துச் சிமெண்ட் பூசி இணைத்திருப்பார்கள். குழாய் நூறு வருடம் தாங்கலாம், இணைப்பு தாங்காது. மண் கொஞ்சம் இறங்கினால் சிமெண்டில் முடி அளவு கீறல் விழும். உள்ளே ஈரமும் சத்தும் இருக்கிறது, அந்தக் கீறலைத் தேடி மரத்தின் மெல்லிய வேர் நுழைகிறது. உள்ளே போனதும் தலைமுடிக் கற்றை போலக் கொத்தாக விரிகிறது. அதில் காகிதமும் கொழுப்பும் சிக்கி அடைக்கிறது. கம்பி அந்தக் கொத்தில் ஒரு ஓட்டை போடும், அவ்வளவுதான். வேர் மறுபடி வளரும், இணைப்பை இன்னும் அகலமாக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

அதனால் ஒரே லைன் இரண்டாவது முறை அடைத்தால், சுத்தம் செய்த கையோடு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்வது நல்ல முறைதான். ஆனால் ஏற்கெனவே உடைந்து உதிரும் குழாயில் அது மண்ணையும் சேர்த்து அரித்துவிடும். பார்க்காமல் அடிக்கச் சொல்லாதீர்கள். தோண்டாமல் பழைய குழாய்க்குள்ளேயே ரெசின் (பிசின்) உறை போட்டு இறுகவிடும் முறையும் இருக்கிறது. 1971இல் லண்டனில் தொடங்கியது, இன்று பல நாடுகளில் உண்டு. வேர் நுழையும் இணைப்புகளுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறது என்றால் உறையும் அதே தொய்வோடுதான் இருக்கும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு வழக்கமாக மீட்டருக்கு 12 முதல் 25 மில்லிமீட்டர் வாட்டம் (சரிவு) வேண்டும். வாட்டம் போய்விட்ட இடத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் உறை போட்டால் போதும் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

முற்றத்தில் டைல்ஸ் போடும்போதும் பின்பக்கம் அறை எடுக்கும்போதும் சேம்பர் மூடி அசிங்கமாக இருக்கிறது என்று மேலே பூசி மறைத்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அவசரம் என்று வரும்போது அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தரையை உடைத்துத் தேட வேண்டியிருக்கும். மேலேயே டைல்ஸ் பதிக்கிற மாதிரி சட்டம் வைத்த மூடிகள் கிடைக்கின்றன, அதைப் போடுங்கள். மொட்டை மாடி மழைத்தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோய் கழிவுநீர் சேம்பரில் விடுவதையும் நிறுத்துங்கள். பெருமழையில் அந்தத் தண்ணீரே லைனை நிறைத்து வீட்டுக்குள் எழும்பும்.

நாற்றம் மட்டும் வருகிறது, அடைப்பு இல்லை என்றால், உபயோகிக்காத குளியலறை டிராப் காய்ந்திருக்கும். டிராப்பில் நிற்கும் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். ஊற்றியும் திரும்பத் திரும்பக் காய்ந்தால் வென்ட் பைப் (சாக்கடை லைனுக்குக் காற்று போய்வர மேலே ஏறும் குழாய்) அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் யாரும் சமரசம் செய்யக்கூடாது. செப்டிக் டேங்கிலோ ஆழமான மேன்ஹோலிலோ யாரும் இறங்கக் கூடாது, நீங்களும் சரி, கூலிக்கு வருபவரும் சரி. அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவைத் தொடும்போது மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. வாடை இல்லை, இறங்கலாம் என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார், காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். “பரவாயில்லைங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்” என்று அவரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உறிஞ்சும் வண்டி வரும்வரை கழிப்பறையை மூடிவைத்துக் காத்திருங்கள்.