காலடிப்பேட்டையிலிருந்து 491 விசா: பாயின்ட்டுக்கு முன்னால் பேப்பர்

போன வாரம் பிளான்ட் கேன்டீனில் ஜூனியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஆஸ்திரேலியா பி.ஆருக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" நான் திருப்பிக் கேட்டது இதுதான்: "உன் பழைய கம்பெனி லெட்டர் கையில இருக்கா?" இல்லை என்றாள். அவளுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். மணலியில் மெக்கானிக்கல் மெயின்டனன்ஸில் இருக்கும் எனக்கு, தெற்கு ஆஸ்திரேலியா நாமினேஷனில் 491 விசா கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரு பையன்.

முதலில் வழி என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். மாநில அரசு "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று கைகாட்டினால் அதுதான் நாமினேஷன். அதில் இரண்டு விசா உண்டு. இரண்டுக்குமே வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் இவற்றுக்குப் பாயின்ட் போடுவார்கள்; நாமினேஷனுக்குத் தனியாக உண்டு. 190 கைக்கு வந்த நாளிலிருந்தே பி.ஆர்., அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை; ஆனால் நாமினேஷனுக்கு 5 பாயின்ட்தான். 491 ஐந்து வருட விசா, 15 பாயின்ட். ரீஜினல் பகுதியில் மூன்று வருடம் இருந்து, மூன்று வருட வரிக் கணக்கைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போடலாம்.

ரீஜினல் என்றதும் எங்கள் அம்மா பாலைவனம் என்று நினைத்துப் பயந்தார். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் இந்த மூன்று பெருநகரங்களைத் தவிர மற்றதெல்லாம் ரீஜினல்தான். அடிலெய்டு, பெர்த், ஹோபார்ட், கான்பெரா எல்லாம் அதில் வரும். நம்ம 600019 மாதிரி அங்கே நாலு இலக்க போஸ்ட்கோடு. அந்த நம்பர் அரசின் ரீஜினல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாயின்ட் கணக்கு சுலபம். விண்ணப்பிக்கவே 65 வேண்டும். உண்மையில் விசாவுக்குப் போடச் சொல்லி அழைப்பு வர அதைவிட நிறைய வேண்டும். என் கணக்கைச் சொல்கிறேன். 33 வயது, 25 பாயின்ட். பி.இ.க்கு 15. எட்டு வருடத்துக்கு மேல் வேலை அனுபவம், 15. வீட்டுக்காரர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எல்லாப் பகுதியிலும் 6 எடுத்ததால் 5. என் ஆங்கிலத்துக்கு முதலில் 10தான். நான்கு பகுதிகளில் எது குறைவோ அதுதான் கணக்கு. ரைட்டிங்கில் 7 வந்ததால் மற்றதில் 8 எடுத்தும் பலனில்லை. மறுபடி எழுதி நான்கிலும் 8 வாங்கியதும் அது 20 ஆனது. மொத்தம் 80, 491 நாமினேஷனோடு 95. அந்த 10 பாயின்ட்டுக்காக ஆறு மாதம் காலை நாலரை மணிக்கு எழுந்தேன். அது வீண் போகவில்லை.

வயதுக்குக் கிடைத்த அந்த 25, உண்மையில் 30 ஆக இருந்திருக்க வேண்டியது. 25 வயதிலிருந்து 32 வரை 30 பாயின்ட். 33-வது பிறந்தநாள் அன்று ஐந்து போய்விடும். நான் காத்திருந்தது ஒரே ஒரு கடிதத்துக்கு. படிப்பு முடிந்து முதல் ஐந்து வருடம் வேலை பார்த்தது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில். அங்கே தந்த அனுபவச் சான்றிதழில் இரண்டே வரி: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இருந்தார், நடத்தை நன்று. அது செல்லாது. லெட்டர்ஹெட்டில் பதவி, தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தேன், கையெழுத்து போட்டவர் யார், அவரைத் தொடர்புகொள்ள என்ன வழி, எல்லாம் இருக்க வேண்டும். அதற்காக ஐந்து மாதம் அலைந்தேன். ஒரு தடவை வந்த கடிதத்தில் சேர்ந்த வருடமே தப்பு. சரியான கடிதம் வருவதற்குள் பிறந்தநாள் தாண்டிவிட்டது.

கடிதம் மட்டும் போதாது. சம்பளம் உண்மையிலேயே வந்ததா என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். அந்தக் கம்பெனியின் பே ஸ்லிப் பாதி தொலைந்திருந்தது. என்னைக் காப்பாற்றியது பிஎஃப் பாஸ்புக். யூஏஎன் என்ற பிஎஃப் எண்ணைப் போட்டுத் திறந்தால் கம்பெனி பெயர், மாதம், கட்டிய தொகை என்று வரிசையாக வருகிறது. கூடவே சம்பளத்தில் பிடித்த வரிக்கான ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட். இப்போதே டவுன்லோட் செய்து வையுங்கள். வேலை மாறும்போது, கணக்கு முடிக்கும் முன்பே விரிவான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும்போது மேனேஜர் ஒரு நாளில் கொடுப்பார்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய சிக்கல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேம் ஆகிவிட்டது, பிஎஃப்பில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்துக்கொண்டேன். நடுவில் சிலர் பாஸ்போர்ட்டில் சர்நேமை வீட்டுக்காரர் பெயராக மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. மாற்றியிருந்தால் இன்னொரு பெயரையும் விளக்க வேண்டியிருக்கும். ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற மொத்த மதிப்பெண் சான்றுக்குக் காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, நேராகக் கிண்டியில் இறங்கி அண்ணா பல்கலைக்கழகம் போய் வந்தேன்.

நம் படிப்பையும் வேலையையும் சரிபார்ப்பதுதான் தகுதி மதிப்பீடு. இன்ஜினியர்களுக்கு அதைச் செய்யும் அமைப்பு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. ஐ.டி.க்கு ஏசிஎஸ், நர்ஸ்களுக்கு அன்மாக். என் வழி சிடிஆர், அதாவது திறமையை விளக்கும் அறிக்கை. நாம் செய்த வேலையைப் பற்றி மூன்று கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 வார்த்தை. ஒன்றில் ஒரு பம்ப்பைப் பற்றி எழுதினேன். கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் திரும்பத் திரும்பப் பழுதாகிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த நிலையில் பம்ப்பும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் (அலைன்மென்ட்) சரியாக இருக்கும். சூடானதும் விரிவடைந்து விலகும். அந்த விலகலைக் கணக்கிட்டு, அடியில் வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றினேன். முதல் பிரதியில் "நாங்கள் பார்த்தோம், நாங்கள் சரிசெய்தோம்" என்றே எழுதியிருந்தேன். நமக்கு அப்படித்தான் வாயில் வரும், டீமை விட்டுக்கொடுக்க மனசு வராது. ஆனால் அவர்கள் மதிப்பிடுவது உங்களை. "நான் அளந்தேன், நான் முடிவெடுத்தேன்" என்று எழுத வேண்டும். விற்கிற மாதிரிக் கட்டுரையை வாங்கிப் போடாதீர்கள். காப்பி என்று பிடித்தால் நிராகரிப்பதோடு தடையும் போடுவார்கள்.

அப்புறம் ஆஸ்திரேலிய அரசின் ஸ்கில்செலக்ட் தளத்தில் இஓஐ, அதாவது விருப்பப் பதிவு. சில மாநிலங்கள் தங்கள் தளத்தில் தனியாக இன்னொரு விருப்பப் பதிவையும் கேட்கும். அவர்கள் வருடம் ஜூலை 1-ல் ஆரம்பிக்கும். ஒதுக்கீடு, தொழில் பட்டியல், கட்டணம் எல்லாம் அதை ஒட்டி மாறும். எந்த மாநிலம் என்று முடிவு செய்யும் முன் அங்கே உங்கள் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் வையாலா எஃகு ஆலை, போர்ட் பிரி ஈய உருக்காலை என்று தேடித் தேடி, மெயின்டனன்ஸ் வேலை விளம்பரங்களைச் சேர்த்து வைத்தேன். மணலி, எண்ணூர் ஆலைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த ஊர்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

இஓஐயில் ஒரு பாயின்ட்கூடக் கூட்டிப் போடாதீர்கள். அழைப்பு வந்த தேதியில் நீங்கள் சொன்னது அத்தனைக்கும் பேப்பர் இருக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு விசா விண்ணப்பத்துக்கு 60 நாள்தான். போலீஸ் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் விண்ணப்பத்தை ஒட்டி நடக்கும்.

ஏஜென்ட் ஒருவர் எங்களிடம் நாமினேஷனுக்கு கேரன்டி என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார். நாமினேஷன் மாநிலத்தின் முடிவு. யாரும் கேரன்டி தர முடியாது. உதவி வேண்டுமென்றால் ஏஜென்ட்டிடம் எம்ஏஆர்என் என்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆஸ்திரேலிய அரசின் பதிவேட்டில் இலவசமாகவே சரிபார்க்கலாம்.

கனடா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பாயின்ட் வைத்து ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மாகாண நாமினேஷனுக்கு 600 பாயின்ட். கிடைத்தால் பெரும்பாலும் அழைப்பு உறுதி. க்யூபெக்குக்குத் தனி முறை. மானிடோபாவுக்கு வெளிநாட்டிலிருந்து போடுபவர்களுக்கு அங்கே சொந்தமோ நட்போ ஏதாவது தொடர்பு வேண்டும்.

491 எடுத்தால் அதன் கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களும் குடும்பமும் ரீஜினல் பகுதியில்தான் குடியிருக்க, வேலை செய்ய, படிக்க வேண்டும். சிட்னிக்குச் சுற்றிப் பார்க்கப் போகலாம், குடியேற முடியாது. மெடிகேர் என்ற அரசு மருத்துவ வசதி கிடைக்கும். என் பையன் அடிலெய்டில் பள்ளி சேரப் போகிறான். பெட்டியில் முதலில் வைத்தது அந்த பிஎஃப் பிரின்ட் அவுட் ஃபைலைத்தான். அதே ஃபைலில் வருடாவருடம் வரி நோட்டீஸைச் சேர்த்துக்கொண்டே போனால், மூன்று வருடம் கழித்து 191-க்குத் தேட வேண்டியிருக்காது.